அம்மாவின் வண்டிப் பை

அந்த வீட்டில் யாரும் சும்மா அடுப்பை அணைக்க மாட்டார்கள். அம்மா அடுப்புக்கு நேராகக் கையை நீட்டுவாள். "அடுப்பு அணைச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்வாள். மகள் "அணைச்சாச்சு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அம்மா அங்கிருந்து நகர்வாள். குழாய்க்கும் அப்படித்தான், கதவுப் பூட்டுக்கும் அப்படித்தான்.

அம்மா மின்ரயில் ஓட்டுநர். பெரிய நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, வேலைக்குப் போகிறவர்களையும் பள்ளிக்குப் போகிறவர்களையும் ஏற்றிச் செல்லும் வண்டி. ஓட்டுநர் சிக்னலைக் கண்டால் கையை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. ஓட்டுநர் அறையில் தனியாக இருந்தாலும் சொல்ல வேண்டும். கண் பார்த்ததை வாய் சொல்லிக் காது கேட்டால் தவறு வராது என்பார்கள். அம்மாவின் அப்பாவும் ஓட்டுநர்தான். இந்தப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்.

வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருந்த அப்பாவுக்கு இது வேடிக்கை. "நானும் 'ஊசி உள்ள போச்சு, வெளிய வந்துச்சு'ன்னு சொல்லணும்னா ஒரு சட்டை தைக்க ஒரு வருஷம் ஆகும்" என்பார்.

மகளின் பெயர் பள்ளிப் பதிவில் ஒன்று. வீட்டில் எல்லோருக்கும் அவள் மிளகு. ஆள் சிறிது, வாய் காரம்.

இப்போது அந்த வீட்டில் யாரும் கையை நீட்டுவதில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறாள்.

நடந்தது இதுதான்.

நடைமேடையில் இரண்டு பலகைகள் இருக்கும். குட்டை வண்டி முதல் பலகையில் நிற்க வேண்டும். நீள வண்டி இன்னும் முன்னே போய் இரண்டாம் பலகையில் நிற்க வேண்டும். அம்மா பல மாதங்களாகக் குட்டை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். அன்று காலை அவளுக்கு நீள வண்டியைக் கொடுத்தார்கள். ஒரு நிலையத்தில் முதல் பலகையைக் கண்டதும் வழக்கம்போலக் கையை நீட்டி, "குட்டை வண்டிப் பலகை" என்று தெளிவாகச் சொல்லி, அச்சுப் பிசகாமல் அங்கேயே நிறுத்தினாள். கண் சரியாகப் பார்த்தது. வாய் சரியாகச் சொன்னது. வண்டிதான் வேறு.

பின்பெட்டிகள் நடைமேடைக்கு வெளியே, கருங்கல் ஜல்லிக்கு மேலே நின்றன. கடைசிப் பெட்டி பெண்களுக்கானது. அதில் கிளிப்பும் சீப்பும் விற்கும் பெண் ஒருத்தி வருவாள். கிளிப் அக்கா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். வண்டி நின்றதும் முதல் ஆளாகக் குதித்து எதிர் வண்டிக்கு ஓடுவது அவள் வழக்கம். அன்றும் குதித்தாள். எப்போதும் நடைமேடை இருக்கிற இடத்தில் அன்று ஒன்றுமில்லை. கணுக்கால் முறிந்தது.

விசாரணைக்கு முதல் நாள் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், அவரும் ரயிலில்தான் வேலை. பலகையை ஒரு விளம்பரத் துணி மறைத்திருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதைத் தனக்குத் தெரிந்த ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். தங்கள் அப்பா இருந்த வேலையில் இப்படி ஒரு கரும்புள்ளி விழலாமா என்று கேட்டார்.

"துணி மறைக்கல. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் நின்னேன்" என்றாள் அம்மா.

"அப்பா பேரைக் காப்பாத்த வேணாமா?"

"அதக் காப்பாத்தத்தான் சொல்ல மாட்டேங்கறேன்."

மாமா தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அம்மா உள்ளதை உள்ளபடி சொன்னாள். அதற்குப் பரிசாக யாரும் மாலை போடவில்லை. மறு உத்தரவு வரும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். பணிமனையில் ஓர் அறையில் உட்கார்ந்து சாவிக்கொத்துகளை எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒருமுறை மருத்துவமனைக்குப் போய்க் கிளிப் அக்காவைப் பார்த்தாள். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மிளகு அதே தடத்தில்தான் தினமும் பள்ளிக்குப் போனாள், அதே பெண்கள் பெட்டியில். அங்கே துணிக்கடை அக்கா என்று ஒருத்தி உண்டு. ஓர் இருக்கையில் தான் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையைப் போட்டுத் தோழிக்கு இடம் பிடிப்பாள். ஊர்ச் செய்தி எல்லாம் அவளிடம்தான் பிறக்கும். ஒருநாள் மிளகிடம், உன் அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று பேச்சுவாக்கில் கேட்டாள்.

"தையல் கடை" என்றாள் மிளகு.

சொன்ன பிறகு நாக்கு கசந்தது. அப்பாவின் தொழிலில் குறையொன்றும் இல்லை. ஆனால் அது அம்மாவின் தொழில் அல்ல. அன்று முழுவதும் மிளகு வகுப்பில் வாயே திறக்கவில்லை. காய்ச்சலா என்று டீச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சில வாரங்களில் கிளிப் அக்கா திரும்பி வந்தாள், கையில் ஊன்றுகோலோடு. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட தட்டை முன்பு ஒரு கையால் பிடித்துக்கொள்வாள், மறு கையால் கம்பியைப் பிடிப்பாள். இப்போது ஒரு கை ஊன்றுகோலுக்குப் போய்விட்டது. வண்டி வளைவில் திரும்பியதும் தட்டு சாய்ந்தது. கிளிப்புகள் பெட்டி முழுக்கச் சிதறின.

மிளகு இருக்கைகளுக்கு அடியில் புகுந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறகு தட்டைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "கிளிப், சீப்பு, ரப்பர் பேண்டு" என்று குரல் கொடுத்தாள். கடைசி இருக்கைவரை கேட்டது.

மறுநாளும் தட்டைத் தூக்கினாள். அதற்கடுத்த நாளும். கிளிப் அக்கா அவளுக்குப் பச்சை நிறத்தில் ஒரு கிளிப் கொடுத்தாள். மிளகு வாங்க மறுத்தாள். அக்காவே தலையில் குத்திவிட்டாள். "நல்ல தொண்டை உனக்கு. யார் குடுத்தது?" என்று கேட்டாள்.

மிளகு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தாள். கிளிப் குத்திய இடம் சுருக்கென்றது.

அந்த வாரமே துணிக்கடை அக்கா ஒரு புதுச் செய்தி கொண்டுவந்தாள். அன்றைக்கு வண்டி ஓட்டினவள் தூங்கிவிட்டாளாம். கடையில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்களாம். பொம்பளைக்கு எதுக்கு அந்த வேலை என்று ஒருத்தி கேட்டாள். சிலர் சிரித்தார்கள்.

மிளகு தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தூங்கல" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அது எங்கம்மா."

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். துணிக்கடை அக்கா, தையல் கடை என்று சொன்னாயே என்றாள். அது அப்பா, நான் பொய் சொன்னேன் என்றாள் மிளகு. பிறகு கிளிப் அக்காவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். நீள வண்டி, குட்டைப் பலகை, விளம்பரத் துணி என்று சொல்லச் சொன்னது, அம்மா சொல்லாதது, எல்லாம். "தப்பு அம்மாவோடதுதான். அத அம்மாவே சொன்னாங்க. ஆனா தூங்கல" என்று முடித்தாள்.

கிளிப் அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டைக் குடு" என்றாள்.

மிளகு கழற்றிக் கொடுத்தாள். அதன் பிறகு அக்கா அவள் பக்கமே திரும்பவில்லை. மறுநாள் காலையில் மிளகு தட்டை வாங்கக் கையை நீட்டினாள். அக்கா அவளைத் தாண்டிப் போய்க் கதவோரக் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு விற்றாள். வளைவு வந்தபோது கிளிப்புகள் சிதறின. மிளகு பொறுக்கிக் கொடுத்தாள். அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை மிளகு அம்மாவிடம் போனாள். "ரயில்ல கேட்டாங்க. நீங்க தையல் கடைன்னு சொல்லிட்டேன்மா" என்றாள்.

அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "பரவால்ல. இப்பல்லாம் எனக்கே சொல்ல வாய் வரல" என்றாள்.

திட்டியிருந்தால் மிளகு அழுது முடித்திருப்பாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் முன்னறைக்குப் போனாள். அப்பா சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். தட்டைத் தான் தூக்கினாலும் தன் பள்ளி நிலையம் வரைதான் தூக்க முடியும், அப்புறம் அக்காவுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். தட்டே இல்லாவிட்டால்? உடம்பில் கட்டிக்கொள்கிற மாதிரி ஒரு துணி, அதில் வரிசையாகப் பைகள், கிளிப்புக்கு ஒன்று, சீப்புக்கு ஒன்று. அப்போது ஒரு கை ஊன்றுகோலுக்கு, ஒரு கை கம்பிக்கு.

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். யோசனை நல்லதுதான், ஆனால் சட்டைத் துணி ஒரு மாதத்தில் கிழிந்துவிடும், கெட்டித் துணி வேண்டும், கடையில் இல்லை என்றார்.

அம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். அவளுடைய வண்டிப் பை. காக்கி நிறக் கெட்டித் துணி. டார்ச்சும் கொடிகளும் சாப்பாட்டு டப்பாவும் வைத்துத் தினமும் தோளில் மாட்டிப் போகிற பை. முன்பக்கம் 'ஓட்டுநர்' என்று வெள்ளை எழுத்து. ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்தாள்.

"வெட்டுங்க" என்றாள்.

"உத்தரவு வந்தா?" என்று கேட்டார் அப்பா.

"வந்தாப் பாத்துக்கலாம்."

அப்பாவின் கத்தரி எப்போதும் சரசரவென்று ஓடும். அன்று அவர் அளந்தார், மறுபடி அளந்தார், கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் அம்மாவே பிளேடை எடுத்து உட்கார்ந்து தையலைப் பிரித்தாள். மிளகு நூல் துணுக்குகளைப் பொறுக்கினாள்.

மறுநாள் காலையில் மிளகு, அப்பா தைத்து முடித்த இடுப்புத் துணியைக் கிளிப் அக்காவிடம் நீட்டினாள்.

"என்ன இது, தானமா?"

"இல்லக்கா. தட்டு ஆடுதில்ல, அதுக்கு."

அக்கா வாங்கி விரித்துப் பார்த்தாள். பைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். நடுப்பையில் வெள்ளை எழுத்து பாதி தெரிந்தது. விரல் அங்கே நின்றது.

"உங்கம்மா பையா?"

"ஆமா."

அக்கா அந்த எழுத்தை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு இடுப்பில் கட்டிக்கொண்டாள். கிளிப்புகளை நிரப்பினாள். ஊன்றுகோலை ஒரு கையிலும் கம்பியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, வளைவிலும் நிற்காமல், பெட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தாள். துணிக்கடை அக்கா ஒரு சீப்பு வாங்கினாள். பிறகு பக்கத்து இருக்கையில் போட்டிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மிளகைப் பார்க்காமலே, "உக்காரு" என்றாள்.

மிளகின் பள்ளி நிலையம் வந்தது. கதவருகே கிளிப் அக்கா வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"உங்கம்மாவ நான் மன்னிக்கல. இந்தக் கால் இனிமே ஓடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அத அவங்ககிட்டச் சொல்லிடு."

"சொல்றேன்."

"வேற பை தைக்கச் சொன்னேன்னும் சொல்லு. ஓட்டப் போறப்ப சாப்பாட்டக் கையிலயா தூக்கிட்டுப் போவாங்க?"

மாலையில் மிளகு இரண்டையும் சொன்னாள், கூட்டாமல் குறைக்காமல், சொன்ன வரிசையிலேயே. அம்மா அடுப்பின் முன்னால் நின்று கேட்டாள். முதல் செய்தியைக் கேட்டபோது தலை குனிந்தது. இரண்டாவதைக் கேட்ட பிறகும் நிமிரச் சற்று நேரம் ஆயிற்று. முன்னறையில் அப்பா எதையோ தேடி அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அம்மா அடுப்பைத் திருகினாள். நகரப் போனவள் நின்றாள். பிறகு மெல்லக் கையை நீட்டினாள்.

"அடுப்பு அணைச்சாச்சு."

மிளகு நிமிர்ந்து நின்று, தெருமுனைவரை கேட்கும்படி திருப்பிச் சொன்னாள்: "அணைச்சாச்சு."