குதிருக்குள் கேட்ட கேள்வி

சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்த கையோடு, கார்னி ரைமர் தன் வண்டியை அக்கா அகனெத்தாவின் பண்ணையில், அந்தப் பெரிய இரும்புத் தானியக் குதிரின் அருகே நிறுத்தினான். கனடாவின் சஸ்காட்சுவான் சமவெளியில் அறுப்பு முடிந்திருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை வெறும் கோதுமைத் தாள்கள். காற்று மட்டும் ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது.

"கோதுமையில ஏதோ புளிச்ச வாடை அடிக்குதுடா. ஏறிப் பாத்துட்டு வா" என்று காலையில் அக்கா தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

போன வருடம் இதே குதிருக்குள்தான் அவளுடைய கணவர் டிர்க் இறந்துபோனார். உள்ளே கட்டிப்போன தானியத்தை உடைக்க இறங்கியிருந்தபோது, யாரோ கீழே மோட்டார் விசையைத் தட்டிவிட்டார்கள். தானியத்தை வெளியே தள்ளும் அடித் திருகுக் குழாய் கோதுமையை இழுக்க, கோதுமை அவரை இழுத்துக்கொண்டது. தட்டியது கூலியாள் எல்வின் என்று கார்னி சாட்சி சொன்னான். பழைய குடிகாரன் எல்வினின் பேச்சை யார் நம்புவார்கள்? ஊர்த் தேவாலயச் சபை அவனை ஒதுக்கியது. நாளை அறுப்புப் பண்டிகை ஆராதனையில் அதே சபை கார்னியை உதவிக்காரன் என்ற சபைப் பொறுப்பில் நியமிக்க இருந்தது.

கார்னி மின்பெட்டியைத் திறந்து மோட்டாருக்கான ஃபியூசைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பிறகு ஏணியில் ஏறி, கூரை மூடியைத் திறந்து உள்ளே இறங்கினான்.

கோதுமை இறுகிக் கிடந்தது. புளித்த வாடை எதுவும் இல்லை. ஈரக் கம்பளிச் சட்டையின் வாடைதான் வந்தது. டிர்க் அத்தான் வருடம் முழுக்க அப்படி ஒரு சட்டையைத்தான் போட்டிருப்பார்.

தலைக்கு மேலே மூடி விழுந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தான். இருட்டில் ஏணியைத் தேடிக் கை நீட்டினான்.

அடியில் மோட்டார் உறுமியது.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். ஃபியூஸ் அங்கேதான் இருந்தது.

காலடியில் கோதுமை நகர ஆரம்பித்தது. கணுக்கால் போயிற்று, முழங்கால் போயிற்று. காலை உருவப் பார்த்தான், அசைக்கக்கூட முடியவில்லை. தகரச் சுவரில் கோதுமை மணிகள் உரசும் சத்தத்துக்கு நடுவே, வெகு ஆழத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"மச்சான்... நீ எங்க இருக்க?"

டிர்க்கின் குரல்.

"அத்தான், நான் இல்ல... எல்வின்தான். எல்வின் கவனமா இருந்திருக்கணும்."

இடுப்பு வரை இழுத்துக்கொண்டது.

"நீங்க மட்டும் என்ன! உள்ள இறங்குறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

நெஞ்சு வரை போயிற்று. ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் கோதுமை இன்னும் கொஞ்சம் இறுக்கியது. மறுபடி இழுக்க இடமில்லை.

"ஆண்டவரே, மழைய ஏன் அன்னைக்குக் கொண்டுவந்தீர்? அந்த அவசரத்துலதானே..."

கழுத்து வரை வந்தது.

"நீ எங்க இருக்க?" இப்போது குரல் அவன் தாடைக்குக் கீழேயே கேட்டது. அதில் கோபம் இல்லை. வழி தவறியவனைத் தேடுகிறவரின் குரல் அது.

இந்தக் கேள்வியை அவனே ஞாயிறு பள்ளியில் எத்தனை முறை படித்துக் காட்டியிருக்கிறான்! விலக்கிய பழத்தைத் தின்றுவிட்டு மரங்களுக்குள் ஒளிந்த ஆதாமிடம் கடவுள் கேட்ட கேள்வி; அவனோ கேட்டவரிடமே பழியைத் திருப்பினான். நீர் தந்த பெண்தான் கொடுத்தாள் என்றான். பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவனும் கூடச் சிரிப்பான்.

உதட்டில் கோதுமை ஏறியது.

"இங்க இருக்கேன்" என்றான் கார்னி. "நான்தான் தட்டினேன். கூப்பிட்டுப் பாக்காம தட்டினேன். அப்புறம் பொய் சொன்னேன். நான்தான், ஆண்டவரே. வேற யாரும் இல்ல."

மோட்டார் நின்றது.

குதிரின் தகரத்தை அறுத்துத் தீயணைப்புக்காரர்கள் அவனை வெளியே இழுத்தபோது மணி ஐந்து. அவன் வண்டி நகராமல் நிற்பதைப் பார்த்து அகனெத்தாதான் ஆள் அனுப்பியிருந்தாள்.

"மோட்டார் ஓடிச்சா? என்னய்யா உளர்ற? குழாய் மூடியே தொறக்கல. ஒரு கோதுமை மணி கூட வெளிய விழல" என்றார் அவர்களில் மூத்தவர். "எப்படி இவ்வளவு ஆழம் போன?"

கார்னிக்கு வெளிச்சத்தில் நின்றதும், பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. உள்ளே கேட்டது பயத்தில் வந்த பிரமை என்று சொன்னால் முடிந்தது. வண்டியில் அந்த எண்ணத்தோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். பிறகு எல்வின் குடியிருந்த பக்கத்து ஊருக்கு ஓட்டினான்.

மெக்கானிக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. எல்வின் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். கார்னி வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னான். முட்டை கருகியது.

"ஒரு வருஷமா எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான்தான் தட்டிட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சுய்யா. ராத்திரி எந்திரிச்சு என் கையப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன்." அடுப்பை அணைத்தான். "மன்னிக்கச் சொல்லி வந்தியா?"

"இல்ல. உன்கிட்ட மொதல்ல சொல்லணும்னு வந்தேன். நாளைக்குச் சபையில சொல்றேன். திங்கக்கிழம போலீஸ்ல சொல்றேன்."

"சொல்லு. நானும் வந்து கேக்குறேன்" என்றான் எல்வின். "மன்னிப்பெல்லாம் அப்புறம் பாப்போம்."

மறுநாள் கார்னி சபைக்கு முன்னால் நின்று சொன்னான். கடைசி பெஞ்சில் எல்வின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் சபை மூப்பர் எழுந்து போய் எல்வினின் கையைப் பிடித்தார். அகனெத்தா மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை. ஜெபம் முடியும் முன்பே போய்விட்டாள்.

மதியம் மூன்று மணிக்குக் கார்னியின் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"அக்கா, என்னை மன்னிச்சிரு..."

"அதுக்கு நான் கூப்பிடல." அவள் கிசுகிசுத்தாள். "அன்னைக்கு நான் சமையக்கட்டு ஜன்னல்ல நின்னேன்டா. உன் கை விசையில இருந்ததப் பாத்தேன். கூடப் பொறந்தவனாச்சேன்னு வாய மூடிக்கிட்டேன். எல்வின் மேல போகட்டும்னு விட்டுட்டேன்."

"அக்கா..."

"நீ சொல்லிட்ட. அது நின்னுரும்னு நெனச்சேன்."

"எது?"

அவள் மூச்சு மட்டும் கேட்டது. அதற்கு அப்பால், அவள் வீட்டுச் சமையலறைத் தரைக்கு அடியிலிருந்து, கோதுமை மெதுவாகச் சரியும் சத்தம்.

பிறகு கம்பிவழியே தெளிவாக, பொறுமையாக டிர்க்கின் குரல்.

"அகனெத்தா... நீ எங்க இருக்க?"