கடலை எண்ணெயும் கம்மல் கல்லும்

1994, தை மாதம். காந்திபுரத்தில் சாமுவேல் நடத்திவந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்குள் காலையிலேயே ஒரு பெண் கண்ணைத் துடைத்தபடி வந்து நின்றாள். சாமுவேல் துப்பு துலக்குவதும் உண்டு. உதவியாளர் புவனா பரபரப்பாக நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“எம்பேரு பொற்கொடிங்க. அன்னூர்ல நஞ்சுண்டன் அய்யா ஊட்டுல சமையல். நேத்து கண்ணாடிப் புட்டியில கடலெண்ணெய் ஊத்துறப்ப அவரு சம்சாரம் சாமியாத்தாள் அம்மா குனிஞ்சாங்க. அவிய கம்மல் வைரம் கழண்டு ‘டிங்’னு புட்டிக்குள்ள விழுந்துச்சுங்க. வெயில்ல தூக்கிப் பாத்தா ஒண்ணையுங் காணோம். நாந்தான் எடுத்துப்போட்டேன்னு வேலைய உட்டு நிறுத்திப்போட்டாங்க. எம்புள்ளைக்குக் கல்யாணம் பேசியிருக்குதுங்க. திருடி மகள்னு பேரானா என்னாகுங்க?”

“அய்யா என்னம்மா சொன்னாரு?” என்று கேட்டார் சாமுவேல்.

“‘போலீஸ் வேண்டாம், போனாப் போகுது’ன்னாருங்க. தங்கமான மனுசன்.”

மதியம் அன்னூர் வீட்டில், நஞ்சுண்டன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சாமியாத்தாளும் பொற்கொடியும் பக்கத்தில் நிற்க, புவனா அந்தப் புட்டியை ஜன்னலோரம் பிடித்து உருட்டி உருட்டிப் பார்த்தாள். கழுத்து குறுகல், கை நுழையாது. அடிவரை தெளிந்த எண்ணெய்தான். ‘பொற்கொடியம்மா பொய் சொல்றாங்களோ’ என்று அவளுக்கே சந்தேகம் தட்டியது.

சாமுவேல் எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டினார். கடைசிச் சொட்டோடு கல் வந்து விழுந்தது.

“வைரம் கெடச்சிருச்சு!” என்று கத்தினார் சாமியாத்தாள்.

“கல் கெடச்சுதுங்க. வைரம் கெடைக்கல,” என்றார் சாமுவேல்.

சாமியாத்தாளின் இன்னொரு கம்மலில் இருந்த கல்லைக் கழற்றி வாங்கி, எண்ணெய் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் போட்டார். அது அடியில் மினுங்கியது. வடிகட்டிய கல்லைப் போட்டார். விழுந்த இடமே தெரியவில்லை.

புவனாவுக்குச் சட்டென்று விளங்கியது. “சார், அது கண்ணாடி!”

“ஆமா. கடலை எண்ணெயிலிருந்து கண்ணாடிக்குள்ள போறப்ப வெளிச்சம் அனேகமா வளையறதே இல்ல. அதனால கண்ணாடியோட விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. வைரத்துல நல்லா வளையும். எங்க கெடந்தாலும் காட்டிக் கொடுத்துரும். பொற்கொடி எடுத்திருந்தா புட்டியில கல்லே இருக்காது. அப்ப முன்னாடியே யாரோ மாத்தியிருக்கோணும். வைரம் போயும் பதறாதவர் இங்க ஒருத்தர்தான்.”

எல்லோரும் நஞ்சுண்டனைப் பார்த்தார்கள்.

“போன வாரம் கம்மலை மெருகுக்குக் கொண்டு போனேனுங்க,” என்றார் அவர், வியர்த்துக்கொண்டு. “பஸ்ஸுல பிரிச்சுப் பாத்தப்ப ஒரு கல்லு ஜன்னல் வழியாத் தெறிச்சுப்போச்சு. இவகிட்டச் சொல்லப் பயந்துபோட்டு, கண்ணாடிக் கல்லைப் பதிச்சுக் கொண்டாந்தேனுங்க...”

சாமியாத்தாள் கணவரை முறைத்தார். பிறகு பொற்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டார். “தப்பாப் பேசிப்போட்டேன், மன்னிச்சுரு அம்மணி. நாளைக்கு வேலைக்கு வந்துரு.”

“வாரேனுங்க,” என்றாள் பொற்கொடி. நகரவில்லை. “நீங்க மன்னிப்புக் கேட்டுப்போட்டீங்க. உண்மை தெரிஞ்சும் வாயைத் தெறக்காதவிய இன்னுங் கேக்கலீங்களே.”

நஞ்சுண்டன் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார்.