ஆசிட் குடித்த கிணறு

கடைசி வளைவைத் தாண்டியதும் பம்ப் லாரியின் கண்ணாடியில் வெள்ளைத் தூசு அப்பிக்கொண்டது. தண்ணீர் தெளித்தால் மாவு பிசைந்த மாதிரி ஆகிவிடும் என்று தெரிந்த பம்ப்காரர், தலையை வெளியே நீட்டியபடியே ஓட்டிக்கொண்டு போனார். பக்கத்து இருக்கையில் மைத்துனன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஆறடி உயரம், வாசலை அடைக்கிற தோள். வீட்டில் அவன் பெயர் குட்டி. சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்தவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்காதான். அவள்தான் பம்ப்காரரின் மனைவி. குட்டி என்று கூப்பிடும் உரிமை அவளுக்கு மட்டும். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் ஸ்பானர் பறக்கும்.

வேலி போட்ட வெட்டவெளி. ஒரு தகரக் கூரை அறை, துருப்பிடித்த தொட்டிகள், நடுவில் சதுரமாகக் கான்கிரீட் பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள்தான் எண்ணெய்க் கிணற்றின் தலை, வால்வுக்கு மேல் வால்வாக அடுக்கி நின்றது. ஒரு காலத்தில் எண்ணெயை அள்ளிக் கொடுத்த கிணறு. அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதன் ஊற்றுக்கண்கள் அடைத்துக்கொண்டதில் வெகுநாளாக மூச்சே இல்லாமல் கிடந்தது. இப்படிப்பட்ட கிணற்றுக்குள் ஆசிட்டை இறக்கினால் அது பாறையைப் புழு அரிப்பதுபோல் அரித்து வழி உண்டாக்கும், எண்ணெய் மறுபடி ஊறிவரும். பம்ப்காரருக்கு இது தண்ணி பட்ட பாடு.

கதவைத் திறந்துவிட்ட காவலாளி நரைத்த மனிதர். இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டதற்குக் காதுவலி என்று கையால் காட்டிவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார். முதுகு கிணற்றுப் பக்கம்.

முன்னதாகவே வந்திருந்த இன்ஜினியரம்மா குழாய் இணைப்புகளைத் தட்டிப் பார்த்துச் சரி சொன்னாள். உச்சி வெயில். காற்று கூட இல்லை. வேலிக் கம்பியில் ஒரு காக்கைகூட உட்கார்ந்திருக்கவில்லை என்பதைப் பம்ப்காரர் பார்த்தார், பார்த்ததை மறந்தும் போனார்.

முதலில் வெறும் தண்ணீரை ஏற்றினார்கள். கிணறு அடம்பிடித்தது, அழுத்த மீட்டரின் முள் மேலேயே நின்றது. பிறகு ஆசிட். மூக்கைச் சுடும் ஆவி லேசாக மிதந்தது. அது அடியில் போய்ப் பாறையைத் தொட்ட வேளையில் முள் நடுங்கி, மெல்ல இறங்கத் தொடங்கியது.

வழி விட்டுவிட்டது என்று இன்ஜினியரம்மா சிரித்தாள். மைத்துனன் கட்டை விரலை உயர்த்தினான்.

முள் இன்னும் இறங்கியது. இன்னும். ஒன்றுமில்லாத இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

பம்ப்காரர் பம்பை நிறுத்தினார்.

தொட்டியில் ஆசிட் குறைந்துகொண்டே போனது.

வற்றிய கிணறு தானாக உறிஞ்சுவது புதிதல்ல. ஆனால் அது சத்தமில்லாமல் ஒரே சீராக உறிஞ்சும். இது அப்படியில்லை. தொட்டியிலிருந்து போகும் ரப்பர் குழாய் ஒரு முறை புடைத்து அடங்கியது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி புடைத்தது. மறுபடி இடைவெளி.

மூச்சு வாங்கி மூச்சு வாங்கிக் குடிக்கிற மாதிரி.

வால்வை மூடச் சொல்லி அவர் கத்த, மைத்துனன் பள்ளத்துக்குள் குதித்துச் சக்கரத்தைத் திருகி மூடினான். குழாய் அடங்கியது. அவன் ஏறி வரவில்லை. ஸ்பானரின் ஒரு முனையைக் கிணற்றுக் குழாயில் வைத்து, மறுமுனையைக் காதோடு ஒட்டிக்கொண்டான். உள்ளே என்ன ஓடுகிறதென்று மெக்கானிக்குகள் பார்க்கும் வழக்கம்தான். ஆனால் அவன் முகம் வெளிறிக்கொண்டே வந்தது.

"மாமா," என்றான் மெல்ல. "அக்கா கூப்பிடறா."

போன் வந்திருக்கிறதாக்கும் என்று நினைத்து, எங்கே என்று கேட்டார் பம்ப்காரர்.

அவன் ஸ்பானரைக் கீழே, தரையை நோக்கிக் காட்டினான்.

இன்ஜினியரம்மா ஒரு நொடியும் வீணாக்கவில்லை. நச்சு வாயு மூளையைக் குழப்பும் என்று சொல்லி அவனை மேலே இழுக்கச் செய்தாள். அவன் மார்பில் மாட்டியிருந்த வாயுமானியைப் பார்த்தாள். தன்னுடையதைப் பார்த்தாள். இரண்டிலும் ஒன்றுமில்லை. காற்று சுத்தமாக இருந்தது.

"குட்டின்னு கூப்பிட்டா, மாமா. திறந்து விடுடா, உள்ள எரியுதுன்னு அழறா."

பம்ப்காரர் அவன் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிக்கொண்டு தானே இறங்கினார். குழாயில் வைத்துக் கேட்டார். தூரத்தில் சோடா பொங்குவதுபோல் ஒரு நுரைச் சத்தம். ஆசிட் பாறையைத் தின்னும் சத்தம் அப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அந்த நுரைக்குள்ளிருந்து ஒருத்தி தொண்டையைச் செருமினாள்.

தினமும் விடியலில் அவர் பக்கத்துத் தலையணையில் கேட்கிற செருமல்.

அவர் எப்படி மேலே ஏறினார் என்று அவருக்கே தெரியாது. வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி உடனே எடுத்தாள். குரல் கம்மியிருந்தது. கொஞ்ச நேரமாகவே தொண்டை எரிகிறது, எதையோ முழுங்கிவிட்ட மாதிரி இருக்கிறது என்றாள். வெந்நீர் குடித்தாயா என்று கேட்டார்.

"அதை விடுங்க. நீங்க வரும்போது பின்கதவு..."

நின்றது.

போன் துண்டிக்கப்படவில்லை. வீட்டு மின்விசிறியின் கடகடப்பு கேட்டது. ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அவள் மூச்சு வேகவேகமாகக் கேட்டது. மூச்சு மட்டும்தான் கேட்டது.

கிணற்றைத் திறங்க, குடித்ததையெல்லாம் கக்கட்டும் என்று அவர் இன்ஜினியரம்மாவிடம் கெஞ்சினார். எப்படியும் ஆசிட்டை ரொம்ப நேரம் உள்ளே விடக்கூடாது, இரும்பையே தின்றுவிடும். அவளும் எதிர்ப்புச் சொல்லவில்லை. வால்வைத் துளித்துளியாகத் திறந்தார்கள். குழாய் உதறியது. நுரையும் கலங்கல் தண்ணீரும் வாயுவும் இரைச்சலோடு காலித் தொட்டியில் பாய்ந்தன. தரை அதிர்ந்தது. பிறகு இரைச்சல் தணிந்தது. குழாய் வாயிலிருந்து, சமையலறையிலிருந்து பேசுகிற மாதிரி நிதானமாக, ஒரு குரல் வந்தது.

"...தாழ்ப்பாள் சரியில்லை. முன்பக்கமா வாங்க."

மூன்று பேருக்கும் கேட்டது. வெளிவரும் தண்ணீரில் ஆசிட் மிச்சமா என்று பார்க்க இன்ஜினியரம்மா எடுத்திருந்த சோதனைக் காகிதம் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

அதன் பின்னால் எண்ணெய் வந்தது. கருப்பாக, கொழகொழவென்று, நிற்காமல் வந்தது. வேறொரு நாளாக இருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

பம்ப்காரர் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு மைத்துனனைக் கூப்பிட்டார். அவன் பள்ளத்தின் விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். கையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை.

"அக்காவை இங்க தனியா விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

அவ வீட்ல இருக்காடா என்று சொல்ல நினைத்தார்.

அந்த நேரத்தில் காவலாளியின் அறையில் போன் அடித்தது. அவர் பஞ்சைப் பிடுங்கிவிட்டுக் கேட்டார். கேட்டுக்கொண்டே சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வந்து பம்ப்காரரின் முகத்தைப் பார்க்காமல், அவர் காலைப் பார்த்துப் பேசினார்.

"என் பொண்ணு பேசிட்டாய்யா. வருஷக்கணக்கா ஒரு சொல்லு இல்ல. இப்ப அப்பான்னு கூப்பிட்டா."

அழுதார். தன்னை இங்கே யாரும் கட்டிப்போடவில்லை, மகளின் குரல் கேட்கிற ஒரே இடம் இதுதான் என்பதால் போகவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை என்றார். இன்னொரு குரல் கிடைத்தால்தான் கிணறு மகளுடையதை விடும், அதை முன்பே சொல்லியிருந்தால் நீங்கள் கிணற்றைத் தொட்டிருக்க மாட்டீர்கள் என்றார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வெள்ளைத் தூசில் நடந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பம்ப்காரர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. டாக்டர்கள் விளக்கடித்துப் பார்த்தார்கள். புண் இல்லை, வீக்கம் இல்லை, குழந்தையின் தொண்டைபோல் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். போகப் போக அவள் உதட்டசைவைப் படிக்க அவர் கற்றுக்கொண்டார். தப்பாகப் படித்தால் தலையில் குட்டுவாள். அந்த மட்டும் பழைய ஆள்தான்.

மைத்துனன் வரவே இல்லை. காவலாளி வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். பம்ப்காரர் இரண்டு தடவை ஆள் கூட்டிக்கொண்டு போய் இழுத்துப் பார்த்தும் பயனில்லை. இளைத்துப் போயிருந்தான். ஆனால் போனில் அவன் குரல் சின்னப் பிள்ளையினுடையதுபோல் குதூகலமாக இருக்கும். நேற்று அக்கா நிறைய நேரம் பேசினாள் என்பான். அவர் போனை வைத்துவிடுவார்.

ஒரு சாயங்காலம் அவன் கூப்பிட்டான்.

"மாமா, சாப்பாடு ஆறுதாம். எவ்வளவு நேரமா அக்கா கூப்பிடறா, காதுல விழலையா?"

அவர் திரும்பினார். சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். இடுப்பில் கை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

கிணற்றுக்கு எத்தனை தூரம். மலைகள், ஊர்கள், ஒரு பகல் முழுக்க லாரிப் பயணம்.

இருங்க, நீங்களே கேளுங்க என்று மைத்துனன் போனைக் குழாயோடு வைத்தான். நுரைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல். அங்கே வாசலில் உதடு அசைய அசைய, இங்கே காதில் வார்த்தை விழுந்தது. அவர் ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தார். அவள் மெல்ல அருகில் வந்தாள். குனிந்தாள். உதடு அசைத்தாள்.

"குட்டி, சாப்டியாடா?" என்றது போன்.

தன் குரலைக் கேட்டு அவள் கண் நிறைந்தது. இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

போனில் குரல் நிற்கவில்லை.

"அவன் சரியா தூங்கறதில்லைங்க," என்றது, அதே வாஞ்சையோடு. "ரொம்ப நாள் தாங்க மாட்டான்."

பொத்திய கைகளுக்கு மேலே மனைவியின் கண்கள் விரிந்தன. இல்லை, நான் இல்லை என்று அவள் தலை இடமும் வலமும் ஆடியது.

"அடுத்து நீங்க எப்ப வர்றீங்க?"