சாவியோடு வந்த மாத்திரை

காலை 9.10. பேருந்துப் பணிமனையின் அறிவிப்புப் பலகையில் கணவரின் பெயரைப் பார்த்த ஓட்டுநரின் மனைவிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "குடிப்பழக்கத்தால் கல்லீரல் கெட்டவர். பதினொரு மணி விசாரணைக்குப் பின் பணிநீக்கம்." கீழே பணிமனை மருத்துவரின் கையெழுத்து, போன திங்கட்கிழமைத் தேதி. இருபது வருடம் வண்டி ஓட்டியவர், வாயில் ஒரு சொட்டு வைத்ததில்லை. அவரைப் போய்க் குடிகாரன் என்று ஊர் பார்க்க ஒட்டி வைத்திருக்கிறார்கள், அநியாயக்காரர்கள்! காகிதத்தைப் பிய்த்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். முந்தாநாள் அங்கேதான் அவர் கல்லீரலிலிருந்து சிறு துணுக்கு எடுத்திருந்தார்கள்.

9.40. துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த பரிசோதனை டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் குடிப்பாரா?"

"சத்தியமா இல்லம்மா."

"உதடு வெடிச்சிருக்கா? தோல் உரியுதா?"

"ஆமா. புருவங்கூடக் கொட்டிப்போச்சு. தலைவலின்னு துடிக்கறாரு."

"என்ன மருந்து சாப்பிடறார்?"

"மருந்தெல்லாம் இல்ல. டிப்போல காலையில ஒரு சத்து மாத்திரை, இருட்டுல கண்ணு நல்லாத் தெரியணும்னு. அந்த டிப்போ டாக்டர் முன்னால முழுங்கினாத்தான் வண்டிச் சாவி கைக்கு வரும். ரெண்டு வருஷமா எல்லா டிரைவருக்கும் அதேதான்."

"இன்னிக்கும் குடுத்தாங்களா?"

"இல்ல. போன திங்கக்கிழமையிலிருந்து யாருக்குமே இல்லையாம். சாவி மட்டுந்தான்."

டாக்டரம்மா அந்தக் காகிதத்தை வாங்கி, கையெழுத்தைப் பார்த்தார். தேதியையும் பார்த்தார். "கிளம்புங்க" என்றார். குரலே மாறிவிட்டது.

11.00. விசாரணை அறை. மேசைக்கு அந்தப்பக்கம் மேலாளரும் பணிமனை மருத்துவரும். இந்தப்பக்கம் ஓட்டுநர், தலை குனிந்தபடி; பக்கத்தில் மனைவியும் டாக்டரம்மாவும்.

"குடிகாரன் கல்லீரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்று பணிமனை மருத்துவர் சிரித்தார்.

"உங்களுக்குத் தெரியும். அதனாலதான் எனக்கு வயிறு எரியுது" என்றார் டாக்டரம்மா. "கல்லீரல்ல நட்சத்திர வடிவத்துல சில செல்கள் இருக்கு. வைட்டமின் ஏ-க்கு அதுதான் கிடங்கு. குடியால கெட்டா, அந்த செல் சேத்து வச்சதையெல்லாம் இழந்துட்டு, வடுவுக்கான நாரை நெய்ய ஆரம்பிச்சுடும். கிடங்கு காலியா இருக்கணும். இவருக்குப் பிதுங்கி வழியுது! புற ஊதா விளக்கைப் போட்டதும் பச்சையா மின்னி, சட்டுனு மங்கிடுச்சு. வைட்டமின் ஏ அப்படித்தான் பண்ணும். அளவா இருந்தா அந்த செல்லை அமைதியா வச்சிருக்கும். அளவு மீறி ரொம்ப நாள் போனா, அதுவே வடுவைக் கிளப்பிவிடும்."

"நாங்க குடுத்த சத்து மாத்திரை என்னம்மா பண்ணிடும்?" என்றார் பணிமனை மருத்துவர்.

"சாவி அறையில இருக்கற டப்பாவைப் பாத்துட்டுத்தான் வர்றேன். ஒரே மாத்திரையில அரை மாசத்துக்குப் போதுமான வைட்டமின் ஏ. அதைத் தினம் ஒண்ணு குடுத்திருக்கீங்க!"

"அது... எனக்குத் தெரியாம நடந்த தப்பு."

"தெரியாமலா? திங்கக்கிழமை இவரைக் குடிகாரன்னு எழுதினீங்க. அதே திங்கக்கிழமை எல்லாருக்கும் மாத்திரையை நிறுத்தினீங்க. குடிதான் காரணம்னா மாத்திரையை எதுக்கய்யா நிறுத்தணும்?"

பணிமனை மருத்துவர் மேலாளர் பக்கம் திரும்பினார். மேலாளர் அவசரமாக டாக்டரம்மா கையிலிருந்த காகிதத்தை இழுத்தார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. இதைக் கிழிச்சுடறேன், வெளியில யாரும் மூச்சு விட வேண்டாம்."

ஓட்டுநர் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கிழிக்காதீங்க சார். நாப்பது டிரைவர் அந்த மாத்திரையை முழுங்கியிருக்கோம். அடுத்து எங்கள்ல எத்தனை பேரைக் குடிகாரன்னு எழுதுவீங்க?" காகிதத்தை வாங்கி மனைவியிடம் நீட்டினார். "பத்திரமா வச்சுக்க. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம். போற வழியில அவங்க எல்லாரையும் கூப்பிட்டுக்குவோம்."