இந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார்

ரிப்பேர் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். சர்வர் ரூமுக்குள் நுழைந்ததுமே எனக்கு, அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மேல்தான் சந்தேகம். புது மெஷின் பளபளவென்று நிற்கிறது. பழசில் இருந்ததையெல்லாம் அலுங்காமல் மாற்றி, பழசின் பேரையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் செய்வதுதான். ஆனால் எல்லாவற்றையும் நகலெடுத்து வைக்கும் பேக்கப் மட்டும் ஒவ்வொரு தடவையும் பாதியில் படுத்துக்கொள்கிறது. திரையில் ஒரே வரி:

'இந்தப் பெயரில் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார்.'

அது ஒரு ஸ்கேன் சென்டர். பேக்கப் இல்லாமல் மெஷின் மண்டையைப் போட்டால் நோயாளிகளின் படங்கள் அத்தனையும் அம்போ. மேனேஜர் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதைக் கடித்தார்.

"அந்தம்மா வேணும்னே கெடுக்குது சார். சாயங்காலத்துக்குள்ள ஓடலன்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

பழைய மெஷினைக் கட்டி மேய்த்தவர் அக்காவின் வீட்டுக்காரர். 'வாத்தியார்' என்பது அவருடைய பட்டப்பேர். விளையாட்டாக அதையே மெஷினுக்கும் வைத்தார். போன வருஷம் இதே ரூமில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். அவர் வேலையைத்தான் அக்காவுக்குக் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், இவர் ஒருத்தர் சம்பளம்.

"பழசை எங்கக்கா வெச்சிருக்கீங்க?"

"ஸ்டோர் ரூம்ல, தம்பி." முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ஓஹோ, திருட்டுத்தனமாக அதை ஓடவிட்டிருக்கிறாரா? என் கண்ணிலேயே மண்ணைத் தூவுவதா! கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று போனேன். அங்கே மெஷின் தூசி படிந்து கிடந்தது. கரண்ட் ஒயர் கிடையாது. மூடியைக் கழற்றினால் டிஸ்க்குகளும் இல்லை.

உள்ளே கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

பெப்பர்மின்ட் வாசனை வந்தது. வாத்தியாரை எனக்குத் தெரியும். வாயில் பெப்பர்மின்ட் இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்து புது மெஷினின் கேபிளைப் பிடுங்கினேன். இப்போது நெட்வொர்க்கில் அந்தப் பேரில் யாருமே இருக்கக் கூடாது. என் லேப்டாப்பில் 'வாத்தியார்' என்று தட்டி, அந்தப் பேரைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

திரையில் பதில் வந்தது.

அடுத்த தடவை, நான் கூப்பிடும் முன்பே வந்தது.

"அவரேதான்," என்று அக்கா என் காதோரம் கிசுகிசுத்தார். "நான் ஒண்ணும் பண்ணல தம்பி. பேரை விட மாட்டேங்கறார்."

"அட, போங்கக்கா!" என்றேன். என் குரல் எனக்கே நடுங்கிக் கேட்டது. அக்காவின் கண்கள் குளமாகியிருந்தன. இந்த மனுஷியைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று வெட்கமாக இருந்தது. பேர்தானே தகராறு? புதுசுக்கு வேறு பேர் வைத்தால் போச்சு.

"மனுஷங்க பேரு மட்டும் வேணாம் தம்பி. அவரும் விளையாட்டாத்தான் வெச்சார்."

நான் கேட்டால்தானே? பயத்தை மறைக்கச் சிரித்துக்கொண்டே கைக்கு வந்ததைத் தட்டினேன்: 'சோடாபுட்டி'. என் கண்ணாடியைப் பார்த்து எல்லோரும் எனக்கு வைத்த பேர். வாசல் கதவைத் திறக்க எனக்குக் கொடுத்திருந்த அட்டையில்கூட மேனேஜர் கிண்டலாக அதைத்தான் பதிந்திருந்தார்.

பேக்கப் வழுக்கிக்கொண்டு ஓடியது. அக்கா வேலை தப்பியது. வாத்தியாரைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. அப்பாடா என்று வீட்டுக்குப் போய்க் குறட்டை விட்டேன்.

மறுநாள் காலை, சென்டரிலேயே மறந்து வைத்துவிட்ட லேப்டாப் பையை எடுக்கப் போனேன். கதவில் அட்டையைக் காட்டினேன். திறக்கவில்லை. குட்டித் திரையில் எழுத்து வந்தது.

'இந்தப் பெயரில் ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.'

அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, கதவைத் திறங்க. வெளியில நிக்கறேன்."



"விளையாடாதீங்க தம்பி," என்றார் மெல்ல. "இப்பதானே சர்வர் ரூம்லேருந்து என்னைக் கூப்பிட்டீங்க?"

நான் வாயைத் திறக்கும் முன், அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாருக்கா போன்ல?"

என் குரல்.