மைக்கைக் கொடுங்க சார்

"நில்லுங்க வாத்தியாரே!"

கொட்டுகிற மழையில் குடையை விரிக்கப் போனவன் திரும்பினான். சூப்பர் மார்க்கெட் வாசலில் மூச்சிரைக்க அவள்... அந்தக் கடையின் மைக்கில் தினமும் தள்ளுபடி சொல்கிற பெண். கண்ணிரண்டிலும் தணல்.

"'வெஜிடேபிள்னு தப்பாச் சொல்றாங்க'ன்னு புகார் எழுதினது நீங்கதானே?"

"ஆமா... ஆனா..."

"நாளையிலேருந்து எனக்கு மைக் கிடையாதாம். குடோன்ல பெட்டி அடுக்கணுமாம். சந்தோஷமா?"

அவன் முகம் செத்துப்போனது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவன்; யார் வாயில் தப்பு வந்தாலும் திருத்தாவிட்டால் தலை வெடித்துவிடும். அதற்காக ஒருத்தியின் வேலையிலா கை வைப்பது? நாலு அண்ணன்கள் பேசிப் பேசியே அவள் வாயைத் திறக்கவிடாத வீடு அவளுடையது. இங்கேதான் கடை முழுக்க அவள் குரல். அதில் அவளுக்கு அப்படி ஒரு கர்வம்!

தினமும் காய்கறிப் பக்கம் நின்று தன்னையே பார்க்கிற இந்தக் கண்கள்... போயும் போயும் இவனா எழுதினான்? அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"என் ஸ்டூடண்ட்ஸ் உங்களை மாதிரியே பேசிக்காட்டிச் சிரிச்சாங்க... எனக்குப் பொறுக்கலைங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"தப்புதான். மேனேஜர்கிட்ட நான் பேசறேன்..."

"எனக்காக யாரும் கெஞ்ச வேண்டாம். எப்படிச் சொல்லணும்? அதை மட்டும் சொல்லுங்க."

"கடைசியில 'டேபிள்' வேண்டாம். நடுவுல வர்ற 'இ'யை முழுங்கிடுங்க. 'வெஜ்'ல அழுத்தம், மத்ததெல்லாம் லேசா... வெஜ்-ட-பிள்."

"வெஜி..."

"முழுங்குங்க!"

"அதட்டாதீங்க!"

நாலாவது தடவை சரியாக வந்தது. சாரல் தெறித்த இமைகளோடு அவள் சிரித்தாள் பாருங்கள்... வாத்தியாருக்குப் படித்த இங்கிலீஷ் அத்தனையும் மறந்துபோனது.

அவள் விறுவிறுவென்று உள்ளே போய் மேனேஜர் முன்னால் கையை நீட்டினாள். "மைக்கைக் கொடுங்க சார். தப்பாச் சொன்னா நானே குடோனுக்குப் போறேன்."

சொன்னாள். கணீரென்று, பிசிறில்லாமல். மேனேஜர் காதைச் சொறிந்துகொண்டார். "சரி சரி... நாளைக்கும் நீயே பேசு."

அவள் வெளியே வந்தபோது அவன் இன்னும் நின்றிருந்தான், கையில் காய்ப் பையோடு.

"தினமும் வாங்கறீங்களே, சமையல் யாரு?"

"நான் ஹாஸ்டல்ல சாப்பிடறவன்ங்க. ரூம்ல அடுப்பே கிடையாது. உங்க குரலைக் கேக்கத்தான்... நீங்கன்னா எனக்கு உயிருங்க."

அவள் கன்னம் சூடானது. அதற்காகத் தலை குனிவாளா? நிமிர்ந்தே நின்றாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. தப்பா இருந்தா இப்பவே திருத்திடுங்க."

"சரியாத்தான் இருக்கு... இன்னொரு தடவை சொல்லுங்க."

"மாட்டேன் போங்க!" என்றாள். ஆனாலும் சொன்னாள்.