கடைசிப் பிரதி

ரீனா இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அறைக்குள் வந்து பையை இறக்கிய தமிழ்நிலாவுக்கு, அதில் என்ன தப்பு என்று புரியவே சற்று நேரம் பிடித்தது.

"வலது கையில என்னடி, அடிபட்டிருச்சா?"

"இல்லையே. ஏன் கேக்குற?" ரீனா நிமிரவில்லை.

விடிவதற்குள் பஸ் பிடித்து ஓவியக் கல்லூரிக்கு ஓடி, மாலையில் நாகல் நகரில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பொழுது சாயும்போதுதான் தமிழ்நிலா இந்த மொட்டைமாடி அறைக்குத் திரும்புவாள். நர்சிங் படிக்கும் ரீனாவின் முகத்தை நேராகப் பார்த்தே நாலைந்து நாளிருக்கும். நேற்று ராத்திரி அவள் பாய் காலியாக இருந்தபோதுகூட, நைட் டூட்டி என்றுதான் நினைத்துக்கொண்டாள். இப்போது குனிந்து பார்த்தாள். வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. சோற்று வாசனைக்கு மேலே, அச்சு மையின் எண்ணெய் நெடி.

சந்தேகம் சுருக்கென்று ஏறியது. போன வாரம், தூங்கிக்கொண்டிருந்த ரீனாவின் முகத்தை அவள் அச்செடுக்கும் லினோ தகட்டில் அப்படியே வரைந்து செதுக்கியிருந்தாள். தாளில் இடம் வலம் மாறி விழும் என்பதை அவசரத்தில் மறந்துபோனாள். திருத்த நேரமில்லை. இன்று பஸ்ஸுக்குக் கிளம்புமுன் ஒரே ஒரு தடவை மை தடவி, கரண்டி முதுகால் தேய்த்துத் தேய்த்து, மறுபடி மை வைக்காமலே ஐந்து பிரதிகள் எடுத்தாள். மை எப்படி மங்கிக்கொண்டே போகிறது என்று பார்க்கும் சோதனை. முதல் தாள் கன்னங்கரேலென்று வந்தது. ஐந்தாவதில் ஒரு கண்ணும் வாயும் விழவேயில்லை. நாளைக்குக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும்.

"என் மைய எடுத்து மச்சம் வச்சிருக்கியா? பிரிண்டத் தொட்டியாடி?"

"எதத் தொட்டேன்?" ரீனா சிரித்தாள். அந்தச் சிரிப்பும் தப்பான பக்கம் கோணியது.

தமிழ்நிலா கோபத்தோடு வெளியே வந்தாள். கீழ்ச்சந்தின் பூட்டுப் பட்டறையில் அரம் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது. இருட்டத் தொடங்கிய மாடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிய தாள்கள் காற்றில் மெல்லப் புரண்டன. முதல் தாளைத் திருப்பினாள்.

வெறும் வெள்ளை.

தாளை மாற்றிவிட்டாள், திருடி. அறைப் பக்கம் திரும்பியபோது போன் அடித்தது. சாணார்பட்டியிலிருந்து ரீனாவின் அம்மா ஆனந்தமேரி.

"ஏத்தா நிலா, ரீனா சார்ஜர் அங்கன கெடக்கான்னு பாரேன். மறந்து விட்டுட்டு வந்துட்டாளாம்."

"வந்துட்டாளா? இங்கதானம்மா சாப்டுக்கிட்டு இருக்கா."

"என்னத்தா சொல்ற? நேத்து மத்தியானமே காய்ச்சலோட வந்துட்டாளே. இந்தா, பக்கத்துல படுத்துக் கெடக்கா."

போனுக்குள் இருமல் கேட்டது. பிறகு ரீனாவின் குரல், தொண்டை கட்டி: "நாளைக்குப் பேசுறேன்னு சொல்லும்மா."

போன் அணைந்தது. அறைக்குள் தட்டில் விரல் உரசும் சத்தமும் நின்றது.

தமிழ்நிலா இரண்டாவது தாளைத் திருப்பினாள். வெள்ளை. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவதைத் தொடவில்லை. காற்றே அதைப் புரட்டிக் காட்டியது.

மாடிப்படியில் காலடிகள். ஒருத்தியின் காலடி இல்லை.

அறை வாசலில் ரீனா வந்து நின்றாள். கை கழுவவில்லை. விரல்களிலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டியது.

"நிலா," என்றது படியில் ஒரு குரல். ரீனாவின் குரல்தான், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பதுபோல.

"நிலா." அதைவிட மெல்ல.

அடுத்தது வெறும் மூச்சு.

அவர்களுக்குப் பின்னால் கடைசியாக ஒருத்தி ஏறி வந்தாள். அவள் கூப்பிடவில்லை. சாம்பல் நிற முகத்தில் ஒற்றைக் கண் தமிழ்நிலாவைத் தேடிக் கண்டுபிடித்தது. வாய் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக, வழவழவென்று, உள்ளுக்கும் வெளிக்குமாக அசைந்துகொண்டிருந்தது.